ஓட்டுக்கு மேல காத்து... என்ன ரேட்டு?

பழைய வீடுகளை இடிப்பது யார்? பில்டரா, நாமளா? திருவல்லிக்கேணி திண்ணையில் உட்கார்ந்து ஒரு ரிப்போர்ட்!

"ஞாயித்துக்கெழமை எல்லாரும் பாட்டி வீட்டுக்கு வந்துடுங்க. பில்டர் வர்றார்."

எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா போட்ட மெசேஜ் இவ்வளவுதான். ஒன்பது பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். பாட்டி மட்டும் காட்டவில்லை. ஏன்னா, பாட்டியிடம் ஸ்மார்ட் போன் கிடையாது. ஆனா பாஸ், வீடு பாட்டி பேர்லதான் இருக்கு!

திருவல்லிக்கேணி உங்களுக்குத் தெரியாதா என்ன? மேன்ஷன், மெஸ், ரத்னா கஃபே சாம்பார் இட்லி, சேப்பாக்கம் மேட்ச் அன்றைக்கு டிராஃபிக். அந்த சந்தடிக்குள்ளே, பார்த்தசாரதி கோயில் குளத்துக்கு நாலு தெரு தள்ளி எங்க பாட்டி வீடு. வாசலில் திண்ணை, தாண்டினால் ரேழி, அப்புறம் வானம் பார்த்த முற்றம், கூடம், சமையல்கட்டு, கடைசியில் கிணறு. முன்பக்கம் நாட்டு ஓடு. பின்பக்கம் மெட்ராஸ் டெரஸ். அதாவது தேக்கு உத்தரங்களுக்கு மேல் சின்னச் சின்ன செங்கல்லை குறுக்குவாட்டில் நிற்க வைத்து, சுண்ணாம்புக் கலவையில் ஒட்டி, மேலே செங்கல் ஜல்லி போட்டு இடித்து இடித்து இறுக்கின கூரை. ஒரு இரும்புக் கம்பி கிடையாது. மே மாச மத்தியானத்தில் அந்தக் கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்தால்... ஏ.சி-யா, அது எதுக்கு?

இப்படி நானும் சீன் போட்டுக்கிட்டுதான் ஞாயித்துக்கிழமை போனேன்.

ஹீரோவா, வில்லனா?

வெள்ளைச் சட்டை, தங்கச் செயின், பின்னாடி நாலு தடியன்கள்... தமிழ் சினிமா சொல்லிக்கொடுத்த பில்டரை எதிர்பார்த்துத் திண்ணையில் காத்திருந்தேன். வந்தவர் பைக்கில் வந்தார். செருப்பை வெளியே விட்டார். பாட்டியைப் பார்த்து "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார். கையில் ஒரு டேப், ஒரு நோட்டு.

அளந்து முடித்துவிட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ‘அட, மனுஷன் ஓட்டை ரசிக்கிறாரே!’ என்று எனக்கு ஒரு சந்தோஷம். அப்புறம்தான் புரிந்தது. அவர் ஓட்டைப் பார்க்கவில்லை. ஓட்டுக்கு மேல இருக்கிற காத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

விளக்கமாச் சொல்றேன். இந்தக் கணக்கு புரிந்தால்தான், உங்க தெருவில் போன மாசம் இருந்த வீடு இந்த மாசம் ஏன் இல்லை என்பது புரியும்.

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஒரு மனையில் மொத்தம் எவ்வளவு சதுர அடி கட்டலாம் என்பதற்கு எஃப்.எஸ்.ஐ. என்று ஒரு கணக்கு உண்டு. சென்னையில் சாதாரணக் குடியிருப்புகளுக்கு ரொம்ப வருஷமாக அது 1.5. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதை 2 ஆக்கியது. ஆக, ரோடு அகலம், விட வேண்டிய இடம் என்ற நிபந்தனைகள் எல்லாம் சரியாக இருந்தால், ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி வரை எழுப்பலாம்.

பாட்டி வீடு சரியாக ஒரு கிரவுண்டு. கட்டடம் இருப்பது 1,500 சதுர அடி. மிச்சம் 3,300 சதுர அடி, யாரும் பயன்படுத்தாத வெறும் காத்து. அதுதான் சரக்கு! 100 வருஷத் தேக்கு, சுண்ணாம்புச் சுவர், முற்றம் எல்லாம் அந்த சரக்கை எடுக்க விடாமல் கீழே உட்கார்ந்திருக்கிற இடைஞ்சல்.

பில்டர் சொன்ன டீல், ஆளுக்குப் பாதி. நம்ம கையிலிருந்து ஒரு பைசா செலவு கிடையாது. அவர் செலவில் இடித்து, அவர் செலவில் கட்டி, 2,400 சதுர அடி நமக்கு. அப்பா கூடப் பிறந்தவர்களோடு சேர்த்து நாலு பேர். ஆளுக்கு 600 சதுர அடியில் ஒரு ஃபிளாட். கீழே கார் பார்க்கிங், லிஃப்ட்.

"பாட்டிக்கு?" என்று கேட்டேன். கூடமே கொஞ்ச நேரம் அமைதி. "பாட்டி நாலு வீட்லயும் மாத்தி மாத்தி இருப்பாங்க" என்றாள் அத்தை.

பாட்டி போட்ட பவுன்சர்

இந்த இடத்தில் நான் எழுந்து நின்று ஒரு லெக்சர் கொடுத்தேன். பாரம்பரியம், அடையாளம், திண்ணைக் கலாசாரம். நாலு தெரு தள்ளி பாரதியார் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பெரிய மனுஷன் வாழ்ந்த வீட்டை மட்டும் காப்பாற்றிவிட்டு, அவர் நடந்து போன தெருவையே அழித்துவிட்டால் எப்படி? என் பேச்சில் நானே உருகிப் போயிருந்தபோது பாட்டி சொன்னாள்:

"உனக்குத் திண்ணை அழகுதான்டா. வந்து போட்டோ புடிச்சிட்டுப் போயிடுவ. ஐப்பசி மழையில ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போகணும்னா நான் முத்தத்தைத் தாண்டி, கெணத்தடியைத் தாண்டி நனைஞ்சிக்கிட்டுப் போகணும். போன வருஷம் வழுக்கி விழுந்தேனே, யார் வந்து தூக்குனது?"

க்ளீன் போல்டு.

ஓடு மாற்றி எத்தனை வருஷம் ஆச்சு? தெரியாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பாரா? தேட வேண்டும். பின்போர்ஷனில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தவரை, அந்த வாடகை வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளையடிக்கக்கூடப் பத்தவில்லை. இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவர்களைப் பாதுகாத்தது. அது நல்ல விஷயம்தான். ஆனால், பழைய வாடகையிலேயே பல வருஷம் ஓடிய வீடுகளில் ஓனருக்கு ரிப்பேர் செய்யக் காசும் இல்லை, மனசும் இல்லை. அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது 2019-ல்தான். அதற்குள் எத்தனையோ வீடுகளின் சுவரில் அரச மரமே வளர்ந்துவிட்டது.

ஆக, வீட்டை இடிக்கப்போவது பில்டர் இல்லை. ஒரு பக்கம் ஒழுகும் கூரை, இன்னொரு பக்கம் 3,300 சதுர அடி காத்து. நடுவில் நாலு பிள்ளைகள், ஒரு வழுக்குற முற்றம்.

மவுன்ட் ரோடு சொல்லும் பாடம்

"இடிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டா மேட்டர் ஓவர்" என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் பஸ்ஸில் அண்ணா சாலையில் போகும்போது அந்த நினைப்பும் புட்டுக்கிச்சு. காரணம், பாரத் இன்ஷூரன்ஸ் பில்டிங்.

1897-ல் டபிள்யூ.இ.ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனி கட்டிய மாளிகை அது. அப்போது அதன் பெயர் கார்டில் பில்டிங். கோபுரமும் வளைவுமாக இந்தோ-சாராசெனிக் ஸ்டைல். 1934-ல் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனி வாங்கியது. 1956-ல் இன்ஷூரன்ஸ் தேசியமயமானதும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 2006-ல் இடிக்கும் வேலை ஆரம்பித்தது. இன்டாக் அமைப்பு ஐகோர்ட்டுக்கு ஓடியது. இடிப்பு நின்றது. 2010 ஏப்ரலில் தீர்ப்பும் வந்தது: இடிக்கக் கூடாது, சீர்படுத்த வேண்டும்!

விசில் அடிக்க வேண்டிய க்ளைமாக்ஸ்தானே? ஆனால், தீர்ப்பு வந்து வருஷக்கணக்காக அந்தக் கட்டடம் பாதி உடைந்த நிலையிலேயே நின்றது. ஜன்னல் இடுக்கில் செடி. மாடியில் மரம். என் ஸ்கூல் நாள் முழுக்க நான் பார்த்தது அந்தக் கோலத்தைத்தான். கோர்ட்டால் கடப்பாரையை நிறுத்த முடியும். மழையை நிறுத்த முடியுமா?

இத்தனைக்கும் அது ஊருக்கே தெரிந்த மாளிகை. சென்னை ஐகோர்ட்டில் நடந்த விளம்பரப் பலகை வழக்கில், நீதிபதி பத்மநாபன் கமிட்டி 400-க்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியல் போட்டது. 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் சட்டசபையில் நிறைவேறியது. சட்டம் வந்து பத்து வருஷம் ஆன பிறகும் ஆணையம் அமையாமல் இழுத்தது. மாளிகைகளுக்கே இந்தக் கதி என்றால், சந்துக்குள் இருக்கும் பாட்டி வீட்டை யார் லிஸ்ட்டில் சேர்ப்பார்கள்?

"ஸ்டூடண்ட்ஸ் நாம இறங்கினா?" என்கிறீர்களா? இறங்கியிருக்கிறோம் பாஸ்! 1914-ல் ஆரம்பித்த ராணி மேரி கல்லூரியை இடித்துவிட்டு அங்கே புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக 2003-ல் அரசு அறிவித்தது. மாணவிகள் கேட்டுக்குள் உட்கார்ந்து போராடினார்கள். பீச் ரோடே திரும்பிப் பார்த்தது. திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி தப்பித்தது. கெத்து! ஆனால், அந்தக் கல்லூரி பிறந்ததே கேப்பர் ஹவுஸ் என்ற பழைய கட்டடத்தில்தான். சில வருஷம் கழித்து அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டு, புதுக் கட்டடம் எழுந்தது. பெரிய ஆபத்து வரும்போது எல்லாரும் கூடினோம். கூரை ஒழுகின வருஷங்களில் கூடவில்லை.

காத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?

சரி, வழியே இல்லையா? இருக்கு. அதே காத்தை வைத்தே ஒரு வழி இருக்கு!

1995-ல் மும்பையில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தார்கள். 600-க்கும் மேற்பட்ட கட்டடங்களும் பகுதிகளும் லிஸ்ட்டில் ஏறின. "உன் கட்டடத்தில் கை வைக்காதே" என்று ஓனரிடம் சொல்வதோடு நிற்காமல், "அதனால் உனக்கு நஷ்டமாகும் சதுர அடியைச் சான்றிதழாகத் தருகிறோம். அதை வேறு இடத்தில் கட்டுகிறவருக்கு வித்துக்கோ" என்றும் சொன்னார்கள். டி.டி.ஆர். என்பார்கள். வளர்ச்சி உரிமையை இடம் மாற்றுவது. எங்க வீட்டுக் கணக்கில் சொன்னால், ஓடு ஓட்டுமேனிக்கு இருக்கும். மேலே இருக்கிற 3,300 சதுர அடி காத்து மட்டும் பஸ் ஏறி வேறு ஏரியாவுக்குப் போகும். காசு பாட்டிக்கு. அந்தக் காசில் ஓடு மாற்றலாம்.

குறையே இல்லையா என்றால், உண்டு. தீவு மும்பையில் மிச்சமாகும் காத்து புறநகரில் போய் இறங்கினால் அங்கே நெரிசல். எந்தத் தெரு தாங்கும் என்று பார்த்து இறக்க வேண்டும். சென்னையிலும் டி.டி.ஆர். புதுசு இல்லை. ஆனால், பேச்செடுத்தாலே சாலை அகலப்படுத்த நிலம் கொடுத்தவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். நாட்டு ஓட்டு வீட்டுப் பாட்டிகள் வருவதில்லை.

அடுத்து நம்ம வீக் எண்டு ஃபேவரிட் புதுச்சேரி. பீச்சுக்குப் பக்கத்தில் மஞ்சள் சுவர் தெருக்களில் செல்ஃபி எடுத்திருப்பீர்கள். கால்வாய்க்கு இந்தப் பக்கம், தமிழர் பகுதியில் வைசியாள் வீதி என்று ஒன்று இருக்கிறது. தெருப் பக்கம் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த வீடுகள். 2000-களின் ஆரம்பத்தில் ஐரோப்பிய யூனியனின் உதவித் திட்டத்தில், இன்டாக் அமைப்பு அந்தத் தெருவின் முகப்புகளை வரிசையாகச் சீரமைத்தது. இதில் ஐடியா என்னன்னா, செலவில் ஒரு பங்கை ஓனர் போட்டால் மறு பங்கைத் திட்டம் போடும். ஒரு வீட்டை மட்டும் பொம்மை மாதிரி காப்பாற்றாமல் தெருவையே காப்பாற்றினார்கள்.

அதே ஊரில்தான் 19-ம் நூற்றாண்டு மேரி கட்டடம், கடற்கரையில் கம்பீரமாக நின்ற பழைய நகராட்சி அலுவலகம், 2014 நவம்பர் மழையில் பொலபொலவென்று விழுந்தது. பிறகு பழைய மாதிரியே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். முன்கூட்டியே ரிப்பேர் பண்ணாத கட்டடத்துக்குக் கடைசியில் முழுக் கட்டடத்தின் விலையைக் கொடுக்க வேண்டி வந்தது.

கட்டடம் இருக்கு, ஆளுங்க எங்கே?

இன்னொரு எச்சரிக்கையும் இருக்கு. கடல் தாண்டி மலேசியாவின் பினாங்கு, ஜார்ஜ் டவுனுக்கு வாங்க. மாரியம்மன் கோயில், பூக்கடை, தமிழ்ப் பாட்டு என்று லிட்டில் இந்தியா இருக்கும் அதே ஊர். அங்கேயும் பழைய கடைவீடுகளை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்து வந்தது. 1997-ல் அதை ரத்து செய்து, 2000 தொடக்கத்தில் முழுசாக எடுத்தார்கள். வாடகை ஏற, தலைமுறையாக இருந்த குடும்பங்கள் கிளம்பத் தொடங்கின. 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்தது. கட்டடங்கள் பளபளவென்று ஆயின. காபி ஷாப், ஹோட்டல் வந்தன. தையல்காரரும் கூடை முடைபவரும் இருந்த வீடுகளில் டூரிஸ்ட்டுகள் தங்கினார்கள்.

நம்ம ஈ.சி.ஆரில் முட்டுக்காடு பக்கம் தட்சிணசித்ரா போயிருக்கீங்களா? 1996-ல் திறந்த இடம். செட்டிநாட்டு வீடு, கேரள வீடு எல்லாம் அழிந்துபோகாமல், பழைய இடத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்து திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். அந்த வேலைக்கு ஒரு சல்யூட். இல்லாவிட்டால் அந்தத் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளில் ஆளுக்கொரு மூலையாகப் போயிருக்கும். ஆனாலும் அங்கே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மெல்ல ஒரு பாட்டி இல்லையே! வீடு என்பது தூணும் ஓடும் மட்டும் இல்லை. ராத்திரி யார் விளக்கு அணைக்கிறார்கள் என்பதும்தான்.

நாம என்ன பண்ணலாம்?

* முதலில் அளந்து வையுங்க. ஆர்க்கிடெக்சர் படிக்கும் ஃப்ரெண்டு ஒருத்தர், ஒரு டேப், ஒரு சனிக்கிழமை போதும். தாத்தா வீட்டின் வரைபடம் காகிதத்தில் வந்துவிடும். வீடு போனாலும் கணக்கு இருக்கும்.

* போட்டோ எடுக்கும்போது முகப்பை மட்டும் எடுக்காதீங்க. கூரையின் உள்பக்கம், கதவு மூட்டு, கிணற்றடி எல்லாம் எடுங்க. கூடவே வீட்டில் பெரியவங்க சொல்ற கதையை ரெக்கார்ட் பண்ணுங்க.

* வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னாடி கூரை மேல் ஏறி உடைந்த ஓட்டை மாற்றுங்க. சுவரில் அரசங்கன்று முளைத்தால் அன்றைக்கே வேரோடு எடுங்க. பழைய வீட்டைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீரும் வேரும்தான்.

* சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூச வேண்டாம். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர முடியாமல் சுவரையே அரித்துவிடும்.

* வீட்டில் பில்டர் பேச்சு வந்தால், "இடிக்காதே" என்று மட்டும் சொல்லாதீங்க. "இடிக்காம இருந்தா மாசம் எவ்வளவு செலவு, யார் தர்றது?" என்று கேளுங்க. அந்தக் கேள்விக்கு பதில் இல்லாத பாரம்பரியப் பேச்சு, வாய்ப் பேச்சுதான்.

அந்த ஞாயித்துக்கிழமை கடைசியில் என்ன ஆச்சு?

கையெழுத்து ஆகவில்லை. பில்டர் காபி குடித்துவிட்டு, "பொறுமையா யோசிச்சு சொல்லுங்க" என்று பைக்கைக் கிளப்பிவிட்டார். அவர் போனதும் பெரியப்பாவும் சித்தப்பாவும் ஆரம்பித்தார்கள். நான் மறுபடி ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

பாட்டி கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினாள்.

"மொதல்ல எனக்கு பாத்ரூமைக் கூடத்துக்குப் பக்கத்துல கட்டிக் குடுங்கடா. அப்புறம் உக்காந்து வீட்டைக் காப்பாத்தறதைப் பத்திப் பேசலாம்."

பாத்ரூம் வேலை ஆரம்பித்துவிட்டது. நாலு பேரில் ரெண்டு பேர் காசு கொடுத்துவிட்டார்கள். ஒருத்தர் அடுத்த மாசம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னொருத்தர், "எப்படியும் இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்கு செலவு?" என்கிறார். பொங்கலுக்கு மறுபடி எல்லாரும் கூடுகிறோம். பில்டரும் வருகிறார்.

இந்தத் தடவை நான் லெக்சர் கொண்டுபோகப் போவதில்லை. வீட்டின் அளவு போட்ட வரைபடமும், ஓடு மாற்ற ஆகும் செலவுக் கணக்கும் கொண்டுபோகிறேன். கடைசி பக்கத்தில் பெரிய எழுத்தில் 3,300 சதுர அடி என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.